ஐம்பதில் எண்பத்தெட்டு

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு, வீட்டில் மனைவி கமலாவதி எழும்ப முன்னர், தவச்செல்வன் அடுக்குமாடியின் நிலத்தடிக் கராஜுக்கு இறங்குவான். கையில் பழைய பெனியன் துணி ஒன்று. முதலில் தன் ஸ்கோடா காரின் முன்னால் குந்துவான். இலக்கத்தகட்டின் கீழ் விளிம்பில் பெருவிரலை வைத்துச் சட்டத்தின் நாக்கை மெல்ல நெம்பி, தகட்டை ஒருபக்கமாக உருவுவான். பின்புறம் போய் மற்றதையும் அதேபோல. இரண்டையும் வாயருகே பிடித்து ஊதி, ஆவி படிந்த இடத்தைத் துடைப்பான். ஒட்டிக் காய்ந்த பூச்சிகளை நகத்தால் சுரண்டுவான். பிறகு பக்கத்துத் தரிப்பிடம். சாம்பல் நிறப் போர்வையை முன்னாலிருந்து பின்னுக்குப் பாய் சுருட்டுவதுபோல் சுருட்டி எடுத்தால் உள்ளே கருநீலப் போர்ஷே. தகடு அதன் சட்டத்துக்குள் போகும்போது ஒரு ‘டிக்’ கேட்க வேண்டும். கேட்டாலும் நம்ப மாட்டான். விரல் முட்டியால் இரண்டு தட்டு. நாலு அடி நடந்துவிட்டுத் திரும்பி வந்து இன்னொரு தட்டு.

சுவிசில் இரண்டு காருக்கு ஒரே இலக்கம் எடுக்கலாம். தகடு எந்தக் காரில் இருக்கிறதோ அதுமட்டும் வீதியில் இறங்கலாம், மற்றது வெறும் மூஞ்சியோடு நிலத்தடியில் கிடக்க வேண்டும். ஆறு நாள் ஸ்கோடா. ஏழாம் நாள் போர்ஷே.

அவனுக்கு ஐம்பத்தொரு வயது. ஊஸ்டர் ரயில் நிலையத்திலிருந்து சுற்றுக் கிராமங்களுக்குப் போகும் பஸ்ஸைப் பத்தொன்பது வருடமாக ஓட்டுகிறான். அதற்கு முன்னர் ஏழு வருடம் இன்டர்லாக்கனில் ஹோட்டல் குசினி, நின்றபடி வேலை. பஸ் லைசென்ஸ் கிடைத்த அன்றுதான் இந்த நாடு தனக்கு இருக்க ஒரு கதிரை தந்தது என்று சொல்வான். ஆனால் அந்தக் கதிரையில் இருப்பவனிடம் உலகம் கேட்டுக்கொண்டே இருக்கும். கதவைத் திற. பொறு. தள்ளுவண்டிக்குப் பஸ்ஸைச் சரித்துக் கொடு. முன்னால் இருக்கும் சின்னத் திரை, ஒரு நிமிடம் நாற்பது விநாடி பிந்திவிட்டாய் என்று சிவப்பில் சொல்லும். பிரேக் போட்டால் பின்னால் ஒரு கிழவர் முனகுவார், போடாவிட்டால் ஒரு தாய் முறைப்பாள்.

போர்ஷே எதுவும் கேட்காது. கேட்டால் கொடுக்கும்.

அதைத்தான் அவன் கமலாவதிக்கு எத்தனையோ தரம் விளங்கப்படுத்தப் பார்த்துத் தோற்றுப்போனான். லின்தாலிலிருந்து கிளவுசன் கணவாய் ஏறும்போது இயந்திரம் முதுகுக்குப் பின்னால் இருந்து தள்ளும். பஸ்ஸில் வீதி கீழே எங்கோ கிடக்கும். இதில் அது உள்ளங்கைக்குள் வந்துவிடும். சிறு கல், ஈரம், நேற்றுப் போட்ட தார், எல்லாம் ஸ்டியரிங் வழியாகக் கைக்குத் தெரியும். வளைவுக்கு முன் மூன்றாம் கியரிலிருந்து இரண்டு, குதிக்காலால் ஒரு சின்னத் தட்டு, சத்தம் ஒருமுறை உயர்ந்து அடங்கும். வளைவு முடியுமிடத்தில் காலைக் கொஞ்சம் அழுத்தினால் போதும், இருக்கை அவனைத் தூக்கிக்கொண்டு போகும். எண்பதுதான் எல்லை. அவன் எண்பதைத் தாண்டியதில்லை. பஸ்காரனின் கால் அது. கணவாயில் மாடுகள் வீதியை மறித்து நின்றால் இயந்திரத்தை நிறுத்திவிட்டுக் காத்திருப்பான். இயந்திரம் குளிரும் ‘டிக் டிக்’ சத்தமும் மாட்டு மணியும் மட்டும் கேட்கும். பதினொரு மணிக்கு முன் வீட்டில். தகடு மறுபடியும் ஸ்கோடாவில்.

இதற்குள் யாருக்கு என்ன நட்டம் என்பதுதான் அவனுக்கு விளங்காதது.

ஐந்து வருடத்தில் நாலு தரம் பொலிஸ் மறித்தது. நாலு தரமும் முதல் கேள்வி ஒன்றே: இது யாருடைய கார்? பஸ்ஸை ஓட்டும்போது ஒருவரும் அப்படிக் கேட்டதில்லை. வேலையிடத்தில் ஒருவன், உங்களுக்குச் சமூக உதவிப் பணம் நன்றாகத்தான் கிடைக்கிறது என்று சிரித்தான். தவச்செல்வனும் சிரித்தான். அந்தச் சிரிப்பை நினைத்து இரண்டு நாள் தன்னையே வைதான்.

ஆனால் வெள்ளைக்காரன் கதையாவது முகத்துக்கு நேரே வந்து முடிந்துபோகும். தங்கை சிவகலாவின் புருஷன் தியாகலிங்கத்தின் கதை அப்படியில்லை. அவன் நாலுபேர் இருக்கும் இடம் பார்த்துத்தான் தொடங்குவான்.

“மச்சான், உந்தக் காருக்குள்ளை ஒரு அரிசி மூட்டை வைக்க ஏலுமோ?”

“முன்னுக்கு வைக்கலாம்.”

“முன்னுக்கு மூட்டை, பின்னுக்கு எஞ்சின். எல்லாம் தலைகீழ். பஸ் ஓடுறவன் ஓய்வு நாளிலையும் ஓடுறது எங்கையாவது கண்டிருக்கிறியளோ? சமைக்கிறவன் ஞாயிற்றுக்கிழமையும் போய்ச் சட்டியைக் கட்டிப்பிடிச்ச மாதிரி!”

மண்டபம் சிரிக்கும். கோயில் அன்னதானம், பிறந்தநாள், செத்தவீடு, எல்லா இடத்திலும் அதே பகிடி. தியாகலிங்கம் தமிழ்ச்சங்கத்தில் பதவியில் இருப்பவன். அவன் சொன்னால் சிரிப்பது ஒரு கடமை.

அப்படிச் சிரித்தவன் வீட்டில்தான் போன வருடம் மகள் யாதவி பெரியபிள்ளையானாள். அதைக் கொண்டாடும் சாமத்தியவீடு ஜூன் இருபத்தொன்றாம் திகதி என்று நாள் குறித்தார்கள். தியாகலிங்கம் தானே ஃபோன் எடுத்தான்.

“மச்சான், பிள்ளை மண்டபத்துக்கு உன்ரை காரிலைதான் வரவேணும். தாய்மாமன் கார் இருக்க வாடகைக் கார் பிடிச்சா சனம் என்ன சொல்லும்?”

தாய்மாமன் என்ற சொல்லுக்கு மேல் ஒரு சொல் கிடையாது. தவச்செல்வன் ஓம் என்றான்.

அன்று சனிக்கிழமை. முதல் தடவையாக ஞாயிறு அல்லாத ஒரு நாளில் தகடு மாறியது. காலையில் தங்கை வீட்டில் தேங்காய் உடைத்து, யாதவிக்குத் தண்ணீர் வார்த்தான். வேட்டி, சால்வை, தங்கச் சரிகை வைத்த ரெடிமேட் தலைப்பாகை. வாசலில் காருக்குப் பொட்டு வைத்தார்கள். சந்தனம் நேரே பெயின்ட்டின் மேல். நாலு ரயருக்கும் நாலு எலுமிச்சம்பழம். யாதவி ஆறு கஜப் பட்டோடு முன் இருக்கைக்குள் இறங்க மூன்று பெண்கள் தேவைப்பட்டார்கள்.

“மாமா, எனக்கு மூச்சு விட ஏலாமக் கிடக்கு,” என்றாள்.

“ஜன்னலைத் திறக்கட்டோ?”

“தலைமயிர் கலையுமாம். அம்மா கொல்லுவா.”

வீட்டிலிருந்து மண்டபம் மூன்று கிலோமீற்றர். தலைக்கு மேல் வீடியோக்கார லக்ஷனின் ட்ரோன். தவச்செல்வன் நாற்பதில் ஓட்டினான். பக்கத்தில் பதின்மூன்று வயதுப் பிள்ளை, தலையில் இறுக்கும் தலைப்பாகை, இதில் என்ன வேகம்? மண்டப வாசலில் நிறுத்தியதும் முதல் வேலையாகத் தலைப்பாகையைக் கழற்றி இருக்கையில் வைத்து நெற்றியைத் தடவிக்கொண்டான்.

“மச்சான், திறப்பைத் தா,” என்று தியாகலிங்கம் வந்தான். “சாப்பாட்டு வான் வரப்போகுது. காரைத் தள்ளி விடுறன். உன்னை ஐயர் தேடுறார், ஓடு.”

சாவியைக் கொடுத்தான்.

பிள்ளையை மேடைக்குக் கூப்பிட முன்னர் கும்பபூசை. தாய்மாமனும் மாமியும் தட்டோடு நிற்க வேண்டும். தேங்காய், பழம், பட்டு. நான் சொல்லுமட்டும் தட்டை இறக்க வேண்டாம் என்று ஐயர் சொல்லிவிட்டு மந்திரத்துக்குள் போய்விட்டார். ஒலிபெருக்கியில் நாதஸ்வரம் அலறிக்கொண்டிருந்தது. அதற்குள்ளால் தவச்செல்வனுக்கு வேறொன்று கேட்டது.

வெளியே, வீதியில், தன்னுடைய கார்.

இரண்டாம் கியர். இரண்டாம் கியரிலேயே இழுக்கிறான். சத்தம் மேலே போகிறது, இன்னும் மேலே. மாத்தடா, மாத்தடா என்று வலது கை தட்டின் விளிம்பில் துடித்தது. மாற்றவில்லை. ஐயாயிரம் சுற்றுக்கு மேல் அந்தக் குரல் கிழிந்துகொண்டு மண்டபத்தைக் கடந்து போயிற்று. திரும்பி வந்தது. மறுபடியும் கடந்தது.

“கமலா, தட்டைப் பிடி.”

“சும்மா நில்லுங்கோ. எல்லாரும் பாக்கினம்.”

நின்றான். இருபது நிமிடம் அந்தத் தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

பூசை முடிந்து வெளியே வந்தபோது கார் பழைய இடத்தில் நின்றது. கிளச் கருகிய மணம். முன் இருக்கையில் குங்குமம். லக்ஷன் ட்ரோனைப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டே சொன்னான்:

“அண்ணை, கோவிக்காதையுங்கோ, நீங்கள் முதல் ஓடினது பஸ் மாதிரிக் கிடந்தது. அதுதான் இன்னொருக்கா எடுத்தனாங்கள். பிள்ளையை இருத்தி தியாகலிங்கம் அண்ணர் ஓடினார். உங்கடை தலைப்பாகையும் கறுப்புக் கண்ணாடியும் போட்டுவிட்டன், ஷொட் ஒட்டவேணுமெல்லோ! மேலையிருந்து பாத்தா நீங்களேதான்.”

தியாகலிங்கம் தோளில் தட்டினான். “ஒரு வட்டம், மச்சான். கண் வையாதை.”

நல்ல காரியம் நடக்கிற இடம். அந்த நாலு சொல் எத்தனை வாயைக் கட்டியிருக்கிறது என்று கணக்கில்லை. தவச்செல்வன் வாயைக் கட்டிக்கொண்டு மேடைக்குப் போய், மருமகளுக்குச் சங்கிலி போட்டான்.

மூன்று வாரத்தில் கடிதம் வந்தது. ஐம்பது எல்லையுள்ள இடத்தில் எண்பத்தெட்டு. கார் உரிமையாளர் பொலிஸ் நிலையத்துக்கு வரவும்.

நிலையத்தில் ஒரு இளம் பொலிஸ்காரி கணினித் திரையை அவன் பக்கம் திருப்பினாள். தெளிவான படம். கருநீல முகப்பு, சந்தனப் பொட்டு, அவனுடைய இலக்கம். ஸ்டியரிங்குக்குப் பின்னால் தங்கச் சரிகைத் தலைப்பாகை, கறுப்புக் கண்ணாடி, தாடி. பக்கத்தில் இருப்பவரை மறைப்பது விதியாம்; யாதவி இருந்த இடத்தில் ஒரு கறுப்புச் சதுரம்.

இது நீங்கள்தானே என்று கேட்டாள். கேள்விபோல அல்ல, கையெழுத்துக்கு இடம் காட்டுவதுபோல. அவனையும் பார்த்தாள், படத்தையும் பார்த்தாள், அவளுக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. தவச்செல்வனுக்குத் தாடி கிடையாது. இருபத்தைந்து வருடமாகத் தினம் காலையில் மழிக்கிறான். அவளுக்குத் தலைப்பாகை போதுமாக இருந்தது.

“யோசித்துச் சொல்கிறேன்,” என்றான் ஜெர்மனில். பத்து நாள் தந்தாள். ஓட்டியவர் பெயர் எழுத ஒரு படிவம். போகும்போது பொதுவாகச் சொல்வதுபோலச் சொன்னாள்: இது பாரதூரமான குற்றம். நீதிமன்றத் தண்டனைப் பதிவு, லைசென்ஸ் குறைந்தது மூன்று மாதம் பறிக்கப்படும்.

பஸ் கம்பனியில் அதற்கு ஒரு விதி இருந்தது. பாரதூரமான குற்றத்தில் லைசென்ஸ் போனால் வேலையும் போகும்.

அன்று பின்னேரமே தங்கை வீட்டுக்குப் போனான். படிவத்தை மேசையில் வைத்து, “உன்ரை பேரை எழுது,” என்றான் தியாகலிங்கத்திடம்.

தியாகலிங்கம் படிவத்தைத் தொடவில்லை. சிவகலாதான் பேசினாள்.

“அண்ணை, கொஞ்சம் இருங்கோ. தேத்தண்ணி குடியுங்கோ.”

“வேண்டாம்.”

“எங்கடை சுவிஸ் பாஸ்போர்ட் விசயம் தெரியும்தானே. செப்டெம்பரிலை இவரை நேரிலை கூப்பிடுவினமாம். இது மூண்டாம் தரம் போட்டிருக்கு. இப்ப ஒரு பொலிஸ் பதிவு விழுந்தா எல்லாம் முடிஞ்சுது. எனக்கும் சேத்துத்தான் அண்ணை. இருபத்திரண்டு வருசம் ஒஃபிஸ் துடைச்சுப் போட்டு, இன்னும் நான் வெளிநாட்டுக்காரி.”

“அதுக்கு?”

“உங்களிட்டைச் சிவப்பு பாஸ்போர்ட் இருக்கு. ஆரும் பறிக்கேலாது. நீங்கள்தான் ஓடினதெண்டு எழுதிவிடுங்கோவன். மூண்டு மாதம்தானே.”

அவள் அழவில்லை. அதுதான் அவனை ஆட்டியது. கூலி வேலை கேட்பவளைப்போல நேராக, சிறுமைப்பட்டுக் கேட்டாள். ஒரு கணம் அவன் கை பேனாவைத் தேடியதும் உண்மை. மூன்று மாதம். வேறு வேலை. கமலாவதிக்கு எப்படியாவது சொல்லலாம். மனம் கணவாயில் கீழிறங்கும் காரைப்போல ஒவ்வொரு வளைவாக இறங்கிக்கொண்டிருந்தது.

“என்னை ஒருத்தரும் கேக்க மாட்டினமோ?” அறைவாசலில் யாதவி நின்றாள். “நான் பக்கத்திலை இருந்தனான். அப்பாதான் ஓடினவர். ஸ்டொப் பண்ணச் சொன்னனான்.”

“நீ உள்ளை போ,” என்றாள் சிவகலா.

“மாமா ஓடேல்லை, மாமா!” அவனுக்கே அதைச் சொல்வதுபோலச் சொல்லிவிட்டுக் கதவை அடித்துச் சாத்தினாள்.

தியாகலிங்கம் தொண்டையைச் செருமினான். “சின்னப்பிள்ளை. விடு. மச்சான், நான் சொல்லுறதைக் கேள். படத்திலை என்ன கிடக்கு? உன்ரை கார், உன்ரை நம்பர், உன்ரை தலைப்பாகை. பொலிசுக்கே சந்தேகம் இல்லை. தானா வந்து விழுந்திருக்கு. பிறகு என்னத்துக்கு நீ கிண்டுறாய்?”

“என்ரை வேலை போகும்.”

“போனா என்ன? நீ பஸ் ஓடாட்டி இன்னொருத்தன் ஓடுவான். உதென்ன ஒப்பிரேஷனோ, வேறை ஆளில்லாமல் போக?”

தவச்செல்வன் எழும்பினான். கதிரை பின்னால் விழுந்தது. குரல் தானாக உயர்ந்தது. கீழ்வீட்டுக்காரர் கதவு திறந்த சத்தம் கேட்டும் குறையவில்லை.

“அஞ்சு வருசம் என்னை ஆடவைச்சுச் சிரிச்சனி. அரிசி மூட்டை, சட்டி, எஞ்சின் பின்னுக்கு. நானும் பல்லைக் காட்டினன். ஒருநாள் கேட்டிருந்தா பக்கத்திலை இருத்தி ஓடப் பழக்கியிருப்பன். கேக்க உனக்கு வெக்கம். களவா ஏறி, என்ரை தலைப்பாகையையும் போட்டுக்கொண்டு, பிள்ளை நிப்பாட்டச் சொல்லச் சொல்ல அடிச்சு விட்டிருக்கிறாய். ஐம்பதிலை எண்பத்தெட்டு! பத்தொன்பது வருசத்திலை ஒரு கிழவிக்கும் நான் பிரேக் போட்டு நொந்ததில்லையடா. இன்னொருத்தன் ஓடுவானோ? ஓடட்டும். நான் செத்தாப் பிறகு ஓடட்டும்!”

“அண்ணை, சத்தம் போடாதையுங்கோ—”

“நீ எனக்குக் கதையாதை. நீ கேட்டதுக்குத்தான் எனக்குக் கூட நோகுது.”

படிவத்தை எடுத்துக்கொண்டு இறங்கினான். கீழே ஸ்கோடாவுக்குள் இருந்து, ஸ்டியரிங்கில் தாளை வைத்து, ஓட்டியவர் பெயர் என்ற இடத்தில் தியாகலிங்கம் என்று பெரிய எழுத்தில் எழுதினான். பிறந்த திகதி தெரியும். முகவரி தெரியும். கீழே தன் கையெழுத்தைப் போட்டான். தபால்பெட்டி முன்னால் காரை நிறுத்தியவன் இயந்திரத்தை நிறுத்தாமலே இறங்கிப் போட்டுவிட்டு வந்தான்.

அதற்குப் பிறகு தங்கை வீட்டு வாசல் அவனுக்கு இல்லை. ஒரு வாரத்தில் ஊஸ்டரிலுள்ள தமிழ்ச் சனம் முழுக்க, கூடப்பிறந்தவளின் பாஸ்போர்ட்டை ஒரு காருக்காகக் கெடுத்தவன் என்று அவனை அறிந்தது. கோயிலில் ஒருத்தி கமலாவதியிடம், உங்கடை அவருக்கு இரத்தத்தைவிடப் பெற்றோல்தான் பெரிசோ என்று கேட்டாள். கமலாவதி வீட்டுக்கு வந்து அவனிடம் சொன்னாள்:

“நீங்கள் செய்தது சரி. ஆனா உந்தக் கோவத்தைப் பஸ்ஸுக்குள்ளை கொண்டு போகாதையுங்கோ.”

எங்கே வைப்பது என்று அவள் சொல்லவில்லை.

லக்ஷன் எடுத்த வீடியோ யூடியூபில் ஏறியது. மேலிருந்து, ஏரிக்கரை வீதியில் கருநீலக் கார் பறக்கிறது, உள்ளே தலைப்பாகை. கீழே முந்நூறுக்கு மேல் கருத்துகள். மாமா மாஸ். தாய்மாமன் எண்டா இப்படி இருக்கவேணும். அதை எடுத்துவிடும்படி மூன்று தரம் கேட்டான். லக்ஷன், அண்ணை, வியூஸ் போகுது என்றான்.

ஒக்டோபரில் ஒரு காலை சிவகலா அவனுடைய பஸ்ஸில் ஏறினாள். முன்கதவால் ஏறியவள் அவனைக் கண்டதும் இறங்கி நடுக்கதவால் ஏறினாள். எட்டுத் தரிப்பு. கண்ணாடியில் அவளுடைய நீல வேலைச் சட்டையின் தோள் மட்டும் தெரிந்தது. அவள் இறங்கும் இடத்தில் வீதி கொஞ்சம் சரிவு. வழமையில் அங்கே பஸ்ஸை ஒரு சாண் முன்னுக்கு விட்டு, மேடைக்கு ஒட்டி நிறுத்துவான். அன்றும் அப்படியே நிறுத்தினான். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. கதவை மூடும்போது பற்களை இறுக்கியதில் கடைவாய் நொந்தது. திரை இருபது விநாடி பிந்திவிட்டாய் என்றது. தமிழில் ஒரு கெட்ட வார்த்தை சொல்லிவிட்டு ஐம்பதில் ஓட்டினான்.

மறுவருடம் வீடு மாறும்போதுதான் சிவகலாவின் கையில் ஒரு பழைய கடிதம் கிடைத்தது. அந்த வீட்டில் கடிதம் உடைப்பது தியாகலிங்கத்தின் வேலை. கடவுச்சீட்டு விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டிருந்தது. கடிதத்தின் திகதி மே பதினான்கு, சாமத்தியவீட்டுக்கு ஐந்து வாரம் முன்னர். காரணமும் எழுதியிருந்தது: அதற்கு முந்தின வருடம் நெடுஞ்சாலையில், தியாகலிங்கம் ஒரு நாளைக்கு வாடகைக்கு எடுத்த போர்ஷே ஒன்றில், பாரதூரமான வேகம்.